வாய்க்கரிசிக்கு முன்

செம்பட்டூர் பிணவறையிலிருந்து வீடு திரும்பியவர்களில் முதலில் வாய் திறந்தவர் பஸ் கண்டக்டர் அழகுசுந்தரம்தான் என்பதில் அந்தத் தாலுகாவில் இரண்டு கருத்து கிடையாது. படிக்கட்டிலிருந்து தவறி விழுந்து செத்த மனுசனை அறுத்துத் தைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மதியம் ஒரு மணிக்கு வீட்டு வாசலில் இறக்கி, நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, கடைசியாக வாய்க்கரிசி போடுவதற்காகத் தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துக் கட்டியிருந்த நாடிக்கட்டை அவருடைய மைத்துனர் அவிழ்த்தபோது, அழகுசுந்தரம் கண்ணைத் திறக்காமல், உதட்டை அசைக்காமல், இருபது வருடம் டிக்கெட் கேட்ட அதே கட்டைக்குரலில், "வணக்கம் நண்பர்களே, தேனீப் பெட்டியை எந்தத் திசை பார்த்து வைக்கணும்னு போன வாரம் பார்த்தோம், இந்த வாரம் ராணித் தேனீயை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம்" என்றார். உயிரோடு இருந்தவரை தேனுக்கும் அவருக்கும் இருந்த உறவு, சளி பிடித்தால் துளசியோடு ஒரு கரண்டி என்பதோடு சரி. இருபத்தைந்து நிமிடம் பேசினார். நடுவில் மூன்று முறை குக்கர் விசில் அடித்தார். மறக்காமல் உங்கள் நண்பர்களுக்கும் பகிருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு முழுவதையும் கேட்டார்கள், பேச்சு நின்றதும் விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். "வீட்ல இருந்தா ஒத்த வார்த்தை பேசமாட்டாரு, இப்பப் பாருங்கடி," என்று அவர் மனைவி மட்டும் கோபித்துக்கொண்டாள்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊருக்கு விளங்க மூன்று சாவு பிடித்தது. மாசிலாமணிக்கு முதல் சாவிலேயே விளங்கிவிட்டது. மாசிலாமணி அப்போதே அந்தப் பிணவறையில் பதினெட்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். டாக்டர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு விரல் காட்ட, உள்ளே அறுப்பதும் பார்ப்பதும் தைப்பதும் கழுவுவதும் அவர் வேலை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு தானாகக் காலியாகும், கல்யாணப் பத்திரிகை அவர் வீட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும், செத்தவரைக் கையில் வாங்கும்போது கும்பிடுகிற கை கொடுத்து முடித்ததும் வேட்டியில் துடைத்துக்கொள்ளும். இந்த வேலையில் நாற்றம் பழகிவிடும், ஒருவரும் பேசாததுதான் பழகாது. நாலு பேர் படுக்கிற புதுக் குளிர்பெட்டி வந்த அதே வருடம், நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள் சுகன்யா தன் பழைய போனை அவரிடம் கொடுத்து, பாட்காஸ்ட் கேட்கக் கற்றுக்கொடுத்தாள்.

"பாட்டுப் போட்டா செத்தவங்களுக்கு மரியாதை இல்லைன்னு சத்தம் போடுவாங்கப்பா," என்றாள். "இது பேச்சு. அறிவா நாலு விசயம் சொல்றாங்க. யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஒங்களுக்கும் ஒரு தொணை."

மாசிலாமணி போனைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார். காலை ஒன்பது மணியிலிருந்து அந்தி வரைக்கும் கேட்டார். எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரியாததால் எல்லாவற்றையும் கேட்டார். மாடித்தோட்டம் பேசுகிற கோயம்புத்தூர்ப் பெண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குவாள், அந்த விழுங்கலைக் கேட்டதும் இவருக்குத் தாகம் எடுக்கும். வரலாறு சொல்லும் ரிட்டையர்டு வாத்தியார் ஒவ்வொரு ராஜா சாகும்போதும் பெருமூச்சு விடுவார், அடுத்தவன் பட்டத்துக்கு வந்ததும் தண்ணீர் குடிப்பார். சதுரங்கம் கற்றுத்தருபவர் பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்குவதுபோல அடிக்குரலில் ரகசியம் பேசுவார். தேனீக்காரர் சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்பவர், விசில் வந்தாலும் பேச்சை நிறுத்தமாட்டார். வானத்தைப் பற்றிச் சொல்லும் பையன் தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவான். அது மாசிலாமணிக்குக் கொஞ்சமும் பிடிக்காது, ஆனாலும் வியாழனுக்குத் தொண்ணூறு நிலாவுக்கு மேலே இருக்கிறது என்று அவன் சொன்ன அன்று அவனை மன்னித்துவிட்டார். தபால்தலை சேர்க்கிறவர் அதை எதற்குச் சேர்க்கிறார் என்பது மட்டும் நாற்பது எபிசோடு கேட்டும் புரியவில்லை. சிலரோடு சண்டையும் போடுவார், "அட, எலும்புத்தூளை அவ்வளவு போட்டா வேர் வெந்துபோகும்மா" என்று போனைப் பார்த்துக் கத்துவார். இவர்களில் ஒருவருக்கும் மாசிலாமணி யார், என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. தெரியாமலே, வாரம் தவறாமல், நண்பர்களே என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர்களுக்கு எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

அவர் கேட்டதைப் பெட்டிக்குள் கிடந்தவர்களும் கேட்டார்கள், கேட்டதை வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள், நடந்தது அவ்வளவுதான். குளிர்பெட்டியில் கோளாறு என்றார்கள் சிலர், போனில் கோளாறு என்றார்கள் சிலர், மாவட்டத்திலிருந்து வந்த எலக்ட்ரீசியன் இரண்டையும் திறந்து பார்த்து மூடிவிட்டுப் போனார். அதன்பிறகு ஊர் காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தைப் பார்க்க ஆரம்பித்தது. பேச்சு முடிந்த பிறகே வாய்க்கரிசி என்று முறை மாறியது. நாடிக்கட்டை அவிழ்த்ததும் பறையும் சங்கும் நின்றன. பந்தல்காரர் நாற்காலியை வட்டமாகப் போடாமல் வரிசையாகப் போட்டார். வீட்டில் செத்தவர்கள் பேசவில்லை, பிணவறைக்குப் போய் வந்தவர்கள் மட்டுமே பேசினார்கள், அதனால் தூக்கு, விபத்து, பூச்சிமருந்து என்று அறுக்கப் போன சாவுக்கு, முகம் பார்க்கக் கூசி முன்பெல்லாம் விலகிப் போனவர்கள்கூட இப்போது முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

செத்தவர் வாக்கு என்று எல்லோரும் அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அழகுசுந்தரத்தின் மனைவி திட்டிக்கொண்டே நாலு தேனீப் பெட்டி வாங்கி வைத்தாள். நடுக் கட்டங்களை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் பக்கமே ஆட்டம் என்று சதுரங்கம் சொல்லிவிட்டுப் போன ஒருவருடைய இரண்டு மகன்கள் அதை அப்பாவின் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பாகம் பிரித்த நிலத்தில் நடுவயலுக்காக அடித்துக்கொண்டு மண்டையை உடைத்தார்கள். லாரி மோதிச் செத்த நாலு பேர் நாலு ஊரில் ஒரே நாளில் ஒரே மாதிரி வியாழனின் நிலாக்களைச் சொன்னதால், முன்பின் தெரியாத அந்த நாலு குடும்பமும் பங்காளிகளாகி வருடத்துக்கு ஒருநாள் சேர்ந்து படையல் போட்டார்கள். ஒரு சைவக் குடும்பம் மட்டும், எங்க அப்பாவுக்கு இந்தத் தேனீ, மீன்தொட்டிப் பேச்செல்லாம் வேண்டாம், தேவாரம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டது, அவரும் வீட்டில் தேவாரமே சொன்னார். அந்த அறைக்குள் கேட்டது மட்டுமே ஏறும், வெளியே எவ்வளவு கத்தி அழுதாலும் ஏறாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவ்வளவுக்கும் மாசிலாமணி ஒருமுறைகூட எந்தச் சாவு வீட்டுக்கும் போய்க் கேட்டதில்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு தடவை போனார். அது சுகன்யாவுக்கு.

படிப்பு முடிந்த கையோடு வலையனேந்தலில் கட்டிக்கொடுத்த பெண். இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தீராத வயிற்றுவலியில் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று ஆம்புலன்சில் கொண்டுவந்து அவருடைய வாசலிலேயே இறக்கினார்கள். தாலுகாவில் தூக்கு மாட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் வயிற்றுவலிதான், முதல் தகவல் அறிக்கையில் அந்த வரி அச்சடித்ததுபோல வரும், மாசிலாமணி அதை நூறு தடவை படித்துக் கேட்டிருக்கிறார். மகள் என்பதால் அவரை உள்ளே விடாமல் பக்கத்து ஊரிலிருந்து வேறு ஆளை வரவழைத்து அறுத்தார்கள். முடிந்தபிறகு போய்ப் பார்த்திருக்கலாம். ஊரார் கழுத்தையெல்லாம் விளக்கடித்துப் பார்த்த மனுசன், கயிற்றுத் தடம் காதுப் பக்கம் மேலே ஏறுகிறதா, யாரோ நெரித்ததுபோல நேர்கோடாகச் சுற்றிக் கிடக்கிறதா என்று டாக்டருக்கே எடுத்துச் சொன்ன மனுசன், மகளின் கழுத்துப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை. வயிற்றுவலி என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். பெட்டியை மூடிவிட்டு, அவள் தனியாகக் கிடக்கக் கூடாது என்று, அவளுக்குப் பிடித்த மாடித்தோட்டத்தில் ரோஜா எபிசோடைத் தேடி எடுத்துப் போட்டார். நாற்பது நிமிடம் ஓடி முடிந்தது. காகிதம் வரத் தாமதமானதால் மறுபடியும் போட்டார்.

வலையனேந்தலில் நாடிக்கட்டை அவிழ்த்ததும் சுகன்யா ஒரு மிடறு எச்சில் விழுங்கினாள். "வணக்கம் நண்பர்களே," என்றாள் தன் சொந்தக் குரலில். "பென்சில் கனத்துல ஒரு குச்சி எடுத்துக்கங்க. நாலு கணு இருக்கணும். அடியைச் சாய்வா வெட்டிக் கத்தாழைச் சாத்துல முக்குங்க. நட்டுட்டு, மேல ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவுத்தி வச்சிருங்க. அவசரப்பட்டு இழுத்துப் பார்க்காதீங்க. வேர் பிடிக்க நாப்பது நாள் ஆகும்." மகள் பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறாள் என்று மாசிலாமணி அந்தப் பந்தலில் அழுதார், அந்த அழுகையில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. அவருடைய மனைவி வெள்ளத்தாய் அழவில்லை. ஒரு வார்த்தை விடாமல் மனதில் வாங்கிக்கொண்டு வந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ரோஜாக் குச்சி நட்டாள். மூன்று வருடத்தில் வாசல், கொல்லை, சுவர் விளிம்பு எல்லாம் தொட்டி. பூவை அவள் தலையில் வைத்ததும் இல்லை, விற்றதும் இல்லை. புருசனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு செடியோடு பேசினாள்.

நாகஜோதியைக் கொண்டுவந்தது போன ஆடி மாதம். இருபத்தொரு வயது. செங்கல் சூளை வைத்திருக்கும் வைரவன் வீட்டு மருமகள், அவர் மகன் கார்மேகத்துக்குக் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. கட்டி ஏழு வருடத்துக்குள் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு என்பதால் காகிதம் மெதுவாக நகரும், மதியத்துக்கு மேல்தான் கொடுப்பார்கள். முதல் தகவல் அறிக்கையில் வழக்கமான வரி இருந்தது.

காலை எட்டரைக்கே வைரவன் வந்துவிட்டார். பிணவறை வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, மாசிலாமணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பெரிசா ஒண்ணுமில்ல மாசிலாமணி. ஒன் போன்ல என்னத்தையோ போடுவியாம்ல, அதுக்குப் பதிலா இதைப் போட்டுரு." தன் போன் ஒன்றை நீட்டினார். "வீட்டுப் பொம்பளை ஒருத்தியை வச்சுப் பேசிப் பதிஞ்சிருக்கு. ரெண்டே நிமிசம்தான். திரும்பத் திரும்ப ஓடட்டும்."

மாசிலாமணி அதைக் காதில் வைத்துக் கேட்டார். எனக்குத் தீராத வயித்து வலி, என்னால தாங்க முடியலை, இதுக்கு யாரும் காரணமில்லை, என் வீட்டுக்காரர் தங்கமானவர் என்று ஒரு பெண்குரல் எழுதி வைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னது.

"வயித்து வலிதானங்கய்யா? அதான் எழுதியிருக்கே," என்றார் மாசிலாமணி.

"எழுதுறது ஆபீசுக்கு. ஊரு வாய்க்கு இது வேணும்ல? அவளே சொல்லிட்டா ஒருபய பேசமாட்டான். ஏட்டையாவும் வந்து எழுதிக்குவாரு." வைரவன் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். பதினெட்டும் ஆறுமாக இருபத்துநாலு வருடத்தில் அவர் தோளில் யாரும் கை வைத்தது கிடையாது. "ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம்ல இது? சூப்பிரண்டு நம்ம ஆளுதான், நான் சொல்லிக்கிறேன். சொல்லாமலும் இருக்க முடியும்."

அவர் போனபிறகு, சைக்கிள் ஸ்டாண்டின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாகஜோதியின் அம்மா சோலையம்மா. பிறந்தவீட்டுக் கோடிச் சேலையை மஞ்சள் பைக்குள் வைத்து மார்போடு அணைத்திருந்தாள்.

"அண்ணே, நீங்கதான் பேச வைக்கிறவகளா?"

"நான் பேச வைக்கலம்மா. போன் ஓடும். அதை அவுக கேப்பாக."

"எம்மகளுக்கு ஒண்ணும் போடாதீக." கையெடுத்துக் கும்பிட்டாள், கும்பிட்ட கையைத் துடைக்கவில்லை. "அவ பேச வேணாம். ரெண்டு வருசமா அந்த வீட்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவ காதுல கத்திக்கிட்டேதான் இருந்திருக்காக. எனக்குப் போன் போட்டா அதான் சொல்லும் புள்ளை, காது வலிக்குதும்மான்னு. போறப்பவாச்சும் அவ காது சும்மா இருக்கட்டும்."

இதுவரை அவரிடம் எல்லோரும் எதையாவது போடச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். வைரவனின் போன் சட்டைப்பையில் கனத்தது, வேலை போனால் சோற்றுக்கு என்ன வழி என்ற நினைப்பும் கூடவே கனத்தது. தைரியசாலி என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை, அவரும் நினைத்துக்கொண்டதில்லை. ஆனால் காது வலிக்குதும்மா என்ற அந்தச் சொல்லைக் கேட்டபிறகு, அந்த இரண்டு நிமிடப் பேச்சை அந்தப் பெண்ணின் தலைமாட்டில் வைக்க அவருடைய கை எழவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு போனையும் அணைத்தார். காற்றை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறியை நிறுத்தினார். சொட்டிக்கொண்டிருந்த குழாயில் துணி சுற்றினார். டாக்டர் வந்தபோது உதட்டில் விரல் வைத்துக் காட்ட, அவரும் என்னவோ சடங்கு என்று நினைத்துக் கர்சீப்புக்குள் வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் சொன்னார். மாசிலாமணி அறுத்தார், தைத்தார், கழுவினார். கழுத்துத் தடம் நேர்கோடாக இருந்தது. கணுக்காலில் ஐந்து விரல் பதிந்திருந்தது. டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் வைத்தபிறகு அதன் உறுமலும் வேண்டாம் என்று பிளக்கைப் பிடுங்கினார். நாலு மணி நேரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஒருவரும் ராணித் தேனீயைத் தேடவில்லை, ஒரு ராஜாவும் சாகவில்லை, ஒருவரும் நண்பர்களே என்று கூப்பிடவில்லை. தன் மூச்சுச் சத்தமே அவருக்கு அதிகமாகப் பட்டது.

மூன்று மணிக்குக் காகிதம் வந்தது. "போட்டியாடா?" என்று கேட்ட சூளை மேஸ்திரியிடம் போனைத் திருப்பிக் கொடுத்து, "ஆச்சு" என்றார். வாழ்நாளில் அவர் கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். சோலையம்மா வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்களும் வாங்களேன், அங்க எனக்குன்னு யாருமில்ல" என்றாள். கூப்பிட்டதால் போனார்.

வைரவன் வீட்டு வாசலில் பெரிய பந்தல். சுற்றுப்பட்டு ஏழெட்டு ஊர்ச் சனம். இன்னின்ன சாவுக்கு இன்னின்ன பேச்சு என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஏட்டு நோட்டைப் பிரித்து, பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கீறிப் பார்த்துக்கொண்டார். நீர்மாலை வந்தது. குளிப்பாட்டி, பிறந்தவீட்டுக் கோடியைச் சாத்தினார்கள். அரக்குக் கலர். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டே நாடிக்கட்டை அவிழ்த்தாள். பறை நின்றது, சங்கு நின்றது. மாசிலாமணி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் பேசமாட்டாள், சும்மா இருப்பாள், சனம் கொஞ்சம் ஏமாந்துபோகும், வைரவன் தன்னைத் தொலைத்துக்கட்டுவார், அவ்வளவுதான் நடக்கும் என்று அவர் நம்பினார்.

"கதவைச் சாத்தும்மா," என்றாள் நாகஜோதி.

மெல்லிய குரல், இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி. பின்வரிசையில் சிலர், இது புதுசா இருக்கே, கதைபோல என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"டிவியைக் கூட்டி வையி," என்றாள் அதே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல். "பிராண்டுறா. கையைப் புடிம்மா. கை வேணாம், காலு, காலைப் புடி. ஒதைக்கிறா பாரு." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சீரியலின் பாட்டு அவள் தொண்டையிலிருந்து வந்தது, எல்லா வீட்டிலும் ராத்திரி ஓடுகிற பாட்டு, முழுப் பாட்டும் வந்தது. "இன்னும் கண்ணு முழிச்சிருக்குடா." "நீ அந்தப் பக்கம் பாரும்மா." "அப்பாவுக்குப் போன் போடு." பிறகு, கடைசியாக, "வயித்து வலின்னு சொல்லிக்கலாம்," என்றாள்.

நண்பர்களுக்குப் பகிரச் சொல்லவில்லை. அதோடு நின்றுவிட்டது.

ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார், எழுதுகிறோம் என்பதே தெரியாமல் எழுதினார். மாமியார் கையில் நாடிக்கட்டுத் துணி அப்படியே இருந்தது. கார்மேகம் பந்தலுக்குப் பின்பக்கம் நகர்ந்தான், நகர்ந்த இடத்தில் சனம் விலகாமல் நின்றது. சோலையம்மாதான் முதலில் எழுந்தாள். முறத்திலிருந்து அரிசியை அள்ளி மகள் வாயில் போட்டு, "சொல்லிட்டேல்ல, இனி தூங்கு ஆத்தா" என்றாள்.

மற்றவர்களுக்கு விளங்கியது நாகஜோதிக்கு என்ன நடந்தது என்பது மட்டும். பந்தல்காலைப் பிடித்திருந்தவருக்கு விளங்கியது வேறு. செத்தவர்கள் உயிர் போகும்போது தாங்கள் கடைசியாகக் கேட்டதைச் சொல்லத்தான் வாய் திறந்திருக்கிறார்கள், ஒருவர் இருவர் அல்ல, ஆறு வருடமாக வந்த அத்தனை பேரும். அதன்மேல் தேனீயையும் நிலாவையும் சதுரங்கச் சிப்பாயையும் கொட்டி மூடி அனுப்பியது அவர். துணைக்கு என்று போட்டார், அன்பாகத்தான் போட்டார், ஒவ்வொருவர் தலைமாட்டிலும் போட்டார்.

கார்மேகத்தையும் அவன் அம்மாவையும் அன்றைக்கே ஜீப்பில் ஏற்றினார்கள். வழக்கு நிற்குமா, செத்தவள் பேச்சு கோர்ட்டில் செல்லுமா என்று டீக்கடைகளில் வாதம் செய்தார்கள். ஆனால் அந்த வாதம் ஒருநாள்கூட ஓடவில்லை. சனத்துக்கு வேறொன்று உறைக்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலை மாசிலாமணி பிணவறையைத் திறக்க வந்தபோது வாசலில் வரிசை நின்றது. அதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. கல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாலும் அவர் நின்று வாங்கியிருப்பார். ஒவ்வொருவராக அருகில் வந்து, பெயரையும் மாதத்தையும் சொல்லி, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"என் தங்கச்சி, பூச்சிமருந்து. ரெண்டு வருசம் முன்னாடி மாசியில. அவளுக்கு என்ன போட்டீக?"

"தபால்தலை," என்றார் மாசிலாமணி. "மூணாவது எபிசோடு."

"எம்மகன். கெணத்துல கெடந்தான். ஐப்பசி."

"மீன்தொட்டி. தண்ணி மாத்துறது பத்தி."

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஒன்றுகூட மறக்கவில்லை. கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மீன்தொட்டிக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்க நினைத்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் நகர்ந்தார்கள். எரித்தவர்களை எழுப்பிக் கேட்க முடியாது. அழகுசுந்தரத்தின் மனைவி வந்து நின்றாள். "படிக்கட்டுல தவறித்தானே விழுந்தாரு? யாரும் தள்ளலையே?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றார். நாலு தேனீப் பெட்டியையும் கொளுத்திவிட்டு வந்திருந்தாள், சேலையில் புகை மணத்தது.

வெயில் ஏறி, வரிசை குறைந்து, கடைசி ஆளும் அருகில் வந்தது. மாசிலாமணி குனிந்திருந்ததால் முதலில் கையைத்தான் பார்த்தார். நகக்கண் எல்லாம் செடி பிடுங்கிய ஈரமண், விரலெல்லாம் முள் கீறிய ரத்தம். நிமிர்ந்தார். வெள்ளத்தாய் மற்றவர்களைப் போலவே, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல, பெயரையும் மாதத்தையும் சொன்னாள்.

"சுகன்யா. தூக்கு. மூணு வருசம் முன்னாடி, ஆனி மாசம். அவளுக்கு என்ன போட்டீக?"

"ரோஜாக் குச்சி," என்றார்.

"எத்தனை தடவை?"

அவர் சொன்னார். "ரெண்டு தடவை."